புவான் ஃபரிடாவுக்குப் புரியாத சண்டை

போன சனிக்கிழமை கிள்ளானில், பட்டப்பகலில், ஒரு சீனப் பெண்ணும் ஒரு முறுக்குக் கடைக்காரம்மாவும் சண்டை போட்டார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற உங்களால் இதை நம்ப முடியாது. பஸ்ஸில் யாராவது சத்தம் போட்டால், என்ன ஏது என்று எழுந்து போய்க் கேட்கிறவள் நான். அன்றைக்கு மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தூண் மாதிரி நின்றேன்.

ஏன்? சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் கடை மாடியிலிருந்து தொடங்க வேண்டும். அவசரமில்லாதவர்கள் உட்காருங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தையல் கடை உங்களுக்குத் தெரிந்ததுதான். இப்போது வெட்டுவதும் தைப்பதும் மருமகள் சாந்தி. நான் வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு அளவு எடுக்கிறேன். கேட்காதவர்களுக்கும் புத்தி சொல்கிறேன். சும்மா கிடந்த மாடியை இந்த வட்டாரத்து அயல்மொழி ஆசிரியர் சங்கம் ஒன்று வாடகைக்கு எடுத்திருக்கிறது. சனிக்கிழமை வந்தால் போதும்... மேலே பிரெஞ்சு, ஜப்பான், கொரியா, ஜெர்மன் என்று ஒரே இரைச்சல். ஓர் அறையில் எல்லாரும் சேர்ந்து எண்ணுவார்கள். இன்னோர் அறையில் யாரோ யாருக்கோ வணக்கம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். சொல்லி முடிக்கவே மாட்டார்கள்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. இந்தப் பத்தியையே நான் போனில் பேசி அனுப்ப, பத்திரிகையில் ஒரு பெண் எழுத்தாக்குகிறாள். பிறகு எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பிடிக்காத வார்த்தையை மாற்றாமல் விட மாட்டேன். ஆகவே வாத்தியார்கள் என்றால் எனக்கு எப்போதும் ஒரு பயம். அந்தப் பயம் போனது இந்தச் சங்கத்தால்தான்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒருமுறை வாத்தியார்களே மாணவர்களாகி, தங்களுக்குச் சுத்தமாகத் தெரியாத ஒரு மொழி வகுப்பில் உட்கார வேண்டும். படிக்கிறவன் படும் பாடு மறந்துபோகக் கூடாதாம். தேத்தண்ணி கொண்டு போகிற சாக்கில் ஏறிப் பார்த்தேன். கொரிய மொழி சொல்லித் தருகிற மனிதர், ஜப்பான் வகுப்பில் தன் பெயரைச் சொல்லத் தெரியாமல் வேர்த்து நிற்கிறார். சங்கத் தலைவி புவான் ஃபரிடா, பிரெஞ்சு சொல்லித் தருகிற மலாய்க்கார அம்மா, கஞ்சி போட்ட மாதிரி நிமிர்ந்து நடப்பவர் — அவர் ஜெர்மன் வகுப்பில் பக்கத்து ஆளைப் பார்த்துக் காப்பியடிக்கிறார்! என் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து அந்தச் சங்கம் எனக்குப் பிடித்துப்போயிற்று.

பிறகு விமலா வந்தாள். கிள்ளான்காரி. தமிழர் அல்லாதவர்களுக்குத் தமிழ் சொல்லித் தருகிறாள். தன் வகுப்பையும் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"தமிழ் அயல்மொழியாடி? என் மாடியில ஏறி நின்னுக்கிட்டு என்கிட்டயே சொல்றியா?"

"உங்களுக்கு இல்ல ஆன்டி. கத்துக்க வர்றாங்களே, அவங்களுக்கு. அவங்களுக்கு இது அயல்தானே?"

கோபம் பாதியிலேயே நின்றது. பாதிக் கோபம் பொல்லாதது. கொண்டுபோய் எங்கே வைப்பது?

சங்கத்திலும் சிலருக்கு இதே சந்தேகம், வேறு பக்கத்திலிருந்து. தெருவெல்லாம் கேட்கிற மொழி எப்படி அயல்மொழியாகும்? கடைசியில் புவான் ஃபரிடா ஒரு முடிவு சொன்னார். வகுப்பு ஓர் ஆண்டு நடக்கட்டும். பிறகு மற்ற மொழிக்காரர்களைப் போல உங்கள் மாணவரும் 'தெரு நடை' முடிக்கட்டும். முடித்தால் சேர்ப்போம், இல்லையென்றால் இல்லை.

தெரு நடை என்றால் வேறொன்றுமில்லை. மாணவர் அந்த மொழி பேசுகிறவர்களின் கடைகளுக்குப் போய், அதிலேயே கேட்டு, பதிலும் அதிலேயே வாங்க வேண்டும். சங்கத்திலிருந்து ஒருவர் பேசாமல் பின்னால் நடப்பார். கடைக்காரர்களுக்கு முன்னால் சொல்லக் கூடாது. ஜப்பான் பிள்ளைகளுக்கு ஒரு ஜப்பான் மளிகைக் கடை. பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு எங்கேயோ ஒரு ரொட்டிக் கடை. தமிழுக்கு? பிரிக்பீல்ட்ஸ் தெரு முழுக்க இருக்கிறதே! இதைவிட லேசு உண்டா?

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். தெரியாத நேரத்தில்தான், அந்த ஓராண்டு முடிந்த பிறகு, அந்தச் சீனப் பெண் என் கடைக்குள் வந்தாள்.

மாடி ஏறுகிற முகம் என்று தெரியும். எந்த வகுப்பு என்று தெரியாது. கையில் ஒரு துணி. பின்னால் புவான் ஃபரிடா, ஏதோ நூல்கண்டு பார்ப்பது போல நின்றார்.

"வணக்கம் அக்கா. இந்த ரவிக்கை தைக்க எத்தனை நாள் ஆகும்?"

அழகான தமிழ். நான் என்ன செய்தேன்? முகமெல்லாம் சிரிப்பாக, மலாயில் சொன்னேன்: "தீகா ஹாரி, அமோய்!"

மூன்று நாள், பெண்ணே. என் மலாய் சுத்தமாக இருக்கும். யாரும் குறை சொன்னதில்லை.

அவள் விடவில்லை. "மூணு நாளா? வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைக்குமா அக்கா?"

"போலே, போலே!" கிடைக்கும், கிடைக்கும். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவள் முகம் ஏன் வாடியது என்று எனக்குப் புரியவில்லை. அங்கிருந்து பூக்கடைக்குப் போனாள். தமிழில் கேட்டாள்; மலாயில் விலை வந்தது. சாப்பாட்டுக் கடைக்குப் போனாள். தமிழில் கேட்டாள், "ஹேவ் ஹியர் ஆர் தேக் அவே?" என்று வந்தது. எல்லாரும் சிரித்த முகம். எல்லாரும் அன்பு. ஒரு பெரியவர் அவளைத் தட்டிக்கொடுத்துப் பாராட்டினாராம்: "யுவர் தமிழ் வெரி குட்!"

ஒருவர்கூடத் தமிழில் பதில் சொல்லவில்லை.

சாயங்காலம் மாடிப்படியில் விமலாவும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். பெயர் சூ லின் என்றாள். நடுவில் வாங்கி வந்த மல்லிகைப்பூ பொட்டலம், பிரிக்காமலே.

"என்ன லா, யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா?"

விமலா நிமிர்ந்து பார்த்தாள். "ஆன்டி, அவ உங்ககிட்ட தமிழ்லதானே கேட்டா? நீங்க ஏன் மலாய்ல பதில் சொன்னீங்க?"

"அவளுக்குச் சுலபமா இருக்கட்டும்னுதான்."

"அவளுக்குச் சுலபம் வேணாம் ஆன்டி. தமிழ் வேணும்."

எதற்கு வேண்டும் என்று நானே கேட்டேன். சூ லின்தான் சொன்னாள், வார்த்தை வார்த்தையாக. கிள்ளானில் ஒரு சிகிச்சை நிலையத்தில் வேலை; பக்கவாதம் வந்தவர்களை எழுப்பி நடக்கவைக்கிற பிசியோதெரபி. அங்கே மாணிக்கம் என்றொரு பெரியவர். லோரி ஓட்டியவர். துறைமுகத்தில் எல்லாருடனும் எல்லா மொழியும் பேசியவர், சீனத்தில் கெட்ட வார்த்தை உட்பட. வாதம் வந்து மற்ற மொழியெல்லாம் போய்விட்டது. தமிழ் மட்டும் மிச்சம்.

"'அங்கிள், இடது கால் முன்னாடி வைங்க'ன்னு சொன்னா வைக்கிறாரு அக்கா. மலாய்ல சொன்னா என்னைப் பார்க்கிறாரு. நான் ரொம்ப தூரத்துல நிக்கிற மாதிரி பார்க்கிறாரு."

இப்போது எழுந்து நிற்கிறாராம். இனி நடக்க வேண்டும். அதற்கு இவளிடம் இருக்கிற தமிழ் போதாது. சங்கம் ஏற்றுக்கொண்ட வகுப்பு என்றால்தான் சனிக்கிழமை வேலையிலிருந்து அனுப்புவேன் என்கிறார் நிலையத்து மேலாளர். ஓராண்டு பொறுத்தார். வகுப்பு போனால் சனிக்கிழமையும் போயிற்று. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு தருவதாக புவான் ஃபரிடா சொல்லியிருக்கிறார்.

நான் எழுந்து புடவையை உதறிக்கொண்டேன். "அழாதீங்க. நான் பார்த்துக்கறேன்."

"நாங்க அழலியே ஆன்டி."

"அழப் போறீங்களே, அதைச் சொன்னேன்."

மறுநாளே தெருவில் இறங்கினேன். முட்டி வலி. பரவாயில்லை. எனக்கு ஒன்று தோன்றினால் முட்டியைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை.

பூக்கடை முனியாண்டியிடம் சொன்னேன்: "இனிமே யாரு தமிழ்ல கேட்டாலும் தமிழ்லயே பதில் சொல்லு. மூஞ்சியைப் பார்க்காதே."

"சீன ஆளுங்ககிட்ட போயி தமிழ் பேசுனா மரியாதையா இருக்குமா ஆன்டி? கிண்டல் பண்றோம்னு நினைச்சுக்க மாட்டாங்க?"

"அவளே தமிழ்ல கேக்குறப்ப?"

"பாவம், கஷ்டப்பட்டு ஒரு வார்த்தை பேசிட்டாங்க. அதுக்கு மேல ஏன் கஷ்டப்படுத்தணும்னுதான்..."

பரோட்டா போடுகிற தம்பி இன்னும் மோசம். வேலை பெர்மிட்டில் ராமநாதபுரத்திலிருந்து வந்தவன். கரண்டியைத் தட்டில் தட்டிக்கொண்டே சொன்னான்: "வந்த புதுசுல மலாய் தெரியாதுன்னு எத்தனை பேர்கிட்ட ஏச்சு வாங்குனேன் தெரியுமாம்மா? இப்பத்தான் பேச வருது. பேசவே கூடாதுங்கிறீங்களே?"

நானும் அப்படித்தானே கற்றுக்கொண்டேன்? ஏச்சு வாங்கி வாங்கி, அடுத்தவர் மொழியைப் பேசிப் பேசி, அதிலேயே ஒரு பெருமை வந்துவிட்டது. நம்முடைய மொழியை இன்னொருவர் தேடி வருவார் என்று நாம் நினைத்தே பார்க்கவில்லை. வந்து கதவைத் தட்டுகிறவரைச் சிரித்த முகத்தோடு பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைக்கிறோம். கேட்டால், மரியாதையாம்!

ஆனாலும் விடவில்லை. கடை கடையாக ஏறி, எல்லாரிடமும் ஒப்புதல் வாங்கினேன். அடுத்த நடையில் சீனப் பெண் வந்தால் செந்தமிழ் மழைதான். பெருமையாக விமலாவிடம் சொன்னேன்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ ஆன்டி! சொல்லி வெச்சுப் பேச வெச்சா அது நாடகம். கடைக்காரங்களுக்குச் சொல்லக் கூடாதுங்கிறது ரூல்ஸ். இதை மறைச்சா நாளைக்கு புவான் ஃபரிடா முகத்துல எப்படி முழிப்பேன்?"

அவளே போய் புவான் ஃபரிடாவிடம் சொல்லிவிட்டாள். நேர்மையான பெண். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. தீர்ப்பு வந்தது: பிரிக்பீல்ட்ஸ் வேண்டாம். நடை கிள்ளானில். எனக்கு ஒரு கடைக்காரரையும் தெரியாத ஊரில்.

"நானும் வர்றேன்" என்றேன்.

"ஆன்டி, ப்ளீஸ்..."

"வாயைத் திறக்க மாட்டேன்."

விமலா என்னை நம்பவில்லை. சத்தியம் வாங்கினாள். ரயில் ஏறினதிலிருந்து நடை முடிகிற வரைக்கும் ஒரு வார்த்தை கூடாது. சரி என்றேன். மருமகள் சாந்தி சிரித்த சிரிப்பில் மிஷினில் நூல் அறுந்துபோயிற்று.

கொம்யூட்டர் ரயிலில் சூ லின் எனக்கு எதிரே உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தாள். சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினேன். கிள்ளான் வரைக்கும் விழுங்கினேன்.

முதல் கடை புடவைக் கடை. தமிழில் கேட்டாள். மலாயில் பதில்.

அடுத்தது மசாலைப் பொருள் கடை. தமிழில் கேட்டாள். ஆங்கிலத்தில் பதில். கூடவே ஒரு ஏலக்காயை எடுத்து முகர்ந்து பார்க்கக் கொடுத்தார்கள். என்ன அன்பு! எனக்கு அழுகை வந்தது.

புவான் ஃபரிடா பின்னால் கைகட்டி நடந்தார். விமலா முகத்தில் ரத்தமே இல்லை.

மூன்றாவது, நடைபாதையில் மேசை போட்ட முறுக்குக் கடை. என் வயசு இருக்கும் அந்த அம்மாவுக்கு. பெரிய பொட்டு. யாருக்கும் பயப்படாத தோரணை.

"அக்கா, முறுக்கு ஒரு பாக்கெட் எவ்வளவு?"

"எனாம் ரிங்கிட்." ஆறு ரிங்கிட்டாம். மறுபடியும் மலாய்.

சூ லின் நகரவில்லை. பாக்கெட்டை எடுத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கீழே வைத்தாள்.

"இது நேத்து போட்டது."

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"எது நேத்து போட்டது?" அந்த அம்மா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "யாரு சொன்னா நேத்து போட்டதுன்னு? விடியறதுக்கு முன்னாடி எழுந்து, மாவு பிசைஞ்சு, கை ஒடிய புழிஞ்சு கொண்டாந்து வெச்சிருக்கேன்... நேத்தாம்ல!"

தமிழ்! சுத்தமான, சூடான தமிழ்!

"எண்ணெய் வாசம் வருதே அக்கா."

"எண்ணெயில போட்டா எண்ணெய் வாசம் வராம, சாம்பிராணி வாசமா வரும்? இந்தா, உடைச்சுப் பாரு. சத்தம் கேக்குதா?"

சூ லின் உடைத்தாள். கேட்டது. மென்றாள். யோசித்தாள்.

"சத்தம் நல்லா இருக்கு. உப்புதான் கூட."

"உப்பு கூடவா! இந்தத் தெருவுல போயி எவகிட்டயாவது கேளு என் கை உப்பைப் பத்தி! யாரு வீட்டு மருமகடி நீ, இந்த வாய் பேசுறே?"

"யார் வீட்டு மருமகளும் இல்ல அக்கா. கிளாஸ்ல படிச்சேன்."

"கிளாஸ்லயா? சண்டை போடவுமா சொல்லித் தர்றாங்க?"

"அது டீச்சர் சொல்லித் தரல. என் பேஷண்ட் அங்கிள் சொல்லித் தந்தாரு. கால் வலிச்சா என்னைத் தமிழ்லதான் திட்டுவாரு. அதனால எனக்குத் தெரியும். கோபம் வந்தா தமிழ் வரும்."

அந்த அம்மா சிரித்தார் பாருங்கள்... மேசை ஆடியது. "அடிப்பாவி! அதுக்கா என் முறுக்கைக் குறை சொன்னே?"

பிறகு பேச்சு ஓடியது. யார் அந்த அங்கிள், என்ன வேலை பார்த்தார், எந்தக் கால், எந்தக் கை, பிள்ளைகள் வந்து பார்க்கிறார்களா? சூ லின் தடுக்கித் தடுக்கி, ஆனால் நிற்காமல், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். என்னைக் காட்டி அந்த அம்மா கேட்டார்: "இவங்க யாரு? வந்ததுலருந்து பார்த்துக்கிட்டே நிக்கிறாங்க?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"பேச வராதா? பாவம்" என்றார்.

என் வாழ்க்கையில் என்னைப் பார்த்து ஒருவரும் சொல்லாத வார்த்தை. தாங்கிக்கொண்டேன்.

"அவருக்குப் பல்லு இருக்கா?"

"முன்னாடி ரெண்டு இல்ல அக்கா."

"அப்ப முறுக்கு ஆகாது. இந்தா, அதிரசம். டாக்டரைக் கேட்டுக்கிட்டு பிச்சுப் பிச்சுக் குடு. முறுக்கு உனக்கு. இன்னைக்குப் போட்டது!"

புவான் ஃபரிடா முன்னால் வந்தார். விமலா அவசரமாக மலாயில் ஆரம்பித்தாள், மன்னிக்க வேண்டும், இவள் சண்டைக்காரி இல்லை என்று. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மலாயில் அவர் சொன்னது இது:

"பிரிக்பீல்ட்ஸில் கடைக்காரர்கள் சொன்னதெல்லாம் எனக்குப் புரிந்தது. அதனால்தான் அது தோல்வி. இந்த அம்மா பேசியதில் எனக்கு எதுவுமே புரியவில்லை. பாஸ்."

அப்புறம் தனக்கும் ஒரு பாக்கெட் கேட்டார். மலாயில் கேட்டார், மலாயில் சிரித்த முகமாகக் கிடைத்தது. அது சரிதான்.

நடை முடிந்தது என்று விமலா தலையசைத்தாள். நான் வாயைத் திறந்தேன். ரயில் பிரிக்பீல்ட்ஸ் வந்துசேருகிற வரைக்கும் மூடவில்லை.

செவ்வாய்க்கிழமை சூ லின் போன் செய்தாள். டாக்டர் சரி என்றாராம். மாணிக்கம் அதிரசத்தை வாயில் போட்டதும், "வெல்லம் பத்தல" என்றாராம். நம்மவர் இல்லையா? "கதவு வரைக்கும் நடங்க அங்கிள், இன்னொரு துண்டு தர்றேன்" என்றிருக்கிறாள். திட்டிக்கொண்டே போயிருக்கிறார். கதவு வரைக்கும். எல்லாத் திட்டும் தனக்குப் புரிந்தது என்று அவளுக்கு அவ்வளவு பெருமை.

என் கடையிலும் ஒரு சட்டம் போட்டுவிட்டேன். தமிழில் கேட்கிறவருக்குத் தமிழில்தான் பதில். முகம் எந்த நாட்டு முகமானாலும் சரி. நாக்கு நுனிக்கு மலாய் வருகிறது, வராமல் இல்லை. இத்தனை வருஷப் பழக்கம்! ரயிலில் விழுங்கினேன் இல்லையா, அதேபோல விழுங்கிவிடுகிறேன். பூக்கடை முனியாண்டியையும் கண்காணித்து வருகிறேன்.

மாடியில் இப்போது தமிழுக்கும் ஓர் அறை. வாத்தியார்கள் மாணவர்களாக உட்காருகிற வழக்கத்தைச் சொன்னேனே... இந்த மாதம் தமிழ் வகுப்பில் உட்காரப் போவது புவான் ஃபரிடா.

தேத்தண்ணி நானே கொண்டு போகிறேன். கூடவே முறுக்கும் — நேற்றுப் போட்டது.